வை-பி சிக்னல் முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை! வீட்டு மெஷ் ரூட்டரைச் சரி செய்வது எப்படி?

போனில் வை-பி அடையாளம் முழுமையாக இருக்கிறது. ஆனால் வீடியோ சுற்றிக் கொண்டே நிற்கிறது. ரூட்டரை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது. மறுநாள் மாலை மீண்டும் அதே கதை. உடனே இன்டர்நெட் நிறுவனத்துக்கு போன் செய்து சத்தம் போடுகிறோம். அவர்களும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது சார்" என்கிறார்கள். பல வீடுகளில் இன்று நடப்பது இதுதான். இதில் அவர்கள் சொல்வது பல சமயம் உண்மை என்பதை நான் சற்று தாமதமாகத்தான் தெரிந்து கொண்டேன்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். பெற்றோர் மதுரையில் இருக்கிறார்கள். அம்மா அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை, மாடி அறையில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வீடியோ மூலம் டியூஷன் எடுக்கிறார். தொடக்கத்தில் 12 பேர் இருந்தார்கள். நெட் அடிக்கடி கட் ஆனதால் அது 9 ஆனது. "டீச்சர், நெட் சரியானதும் சொல்லுங்க, அப்புறம் சேர்த்து விடறோம்" என்று மரியாதையாகச் சொல்லி விலகினார்கள். "வீட்டுல ஒரு இன்ஜினியர் இருந்து என்ன புண்ணியம்?" என்று அப்பா கேட்டார். அந்த வேகத்தில் மூன்று யூனிட் கொண்ட மெஷ் வை-பி செட் ஒன்றை வாங்கி, ஒரு சனிக்கிழமை பொருத்தி விட்டு சென்னைக்கு வந்து விட்டேன். திங்கட்கிழமை மாலை அம்மாவிடம் இருந்து போன். "ஏம்பா, முன்னைக்கு இப்ப இன்னும் மோசமா இருக்கே!"

அதன் பிறகு நான் செய்த தவறுகளும், அவற்றில் இருந்து கற்றுக் கொண்டவையும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் மெஷ் இருந்தாலும், வாங்க நினைத்தாலும் இது உதவும்.

மெஷ் என்றால் என்ன?

சாதாரண ரூட்டர் ஒரே இடத்தில் இருந்து வீடு முழுவதற்கும் சிக்னல் தர முயற்சி செய்யும். மெஷ் முறையில் இரண்டு அல்லது மூன்று யூனிட்கள் இருக்கும். ஒன்று முக்கிய யூனிட். இது இன்டர்நெட் நிறுவனம் தந்த பைபர் மோடத்துடன் கேபிளில் இணைக்கப்படும். மற்றவை துணை யூனிட்கள். இவை முக்கிய யூனிட்டிடம் இருந்து வை-பி வழியாக டேட்டாவை வாங்கி, அடுத்த அறைக்குத் தருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். வீட்டுக்கான மெஷ் செட்கள் 2016-ம் ஆண்டு வாக்கில் சந்தையில் பரவலாக வரத் தொடங்கின.

கட்டட வேலையில் செங்கல்லைக் கை மாற்றி மாடிக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒருவர், படியில் ஒருவர், மாடியில் ஒருவர். மாடியில் இருப்பவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், படியில் இருப்பவர் தடுமாறினால் செங்கல் வராது. மெஷ் வேலை செய்வதும் இப்படித்தான்.

உங்கள் போனில் தெரியும் சிக்னல் கோடுகள், போனுக்கும் அதன் அருகில் உள்ள யூனிட்டுக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அந்த யூனிட்டுக்கும் முக்கிய யூனிட்டுக்கும் இடையே உள்ள தொடர்பைக் காட்டாது. இந்த இரண்டாவது தொடர்பை பேக்ஹால் என்பார்கள். சிக்னல் முழுமையாக இருந்தும் நெட் வராததற்கு, பெரும்பாலும் இந்த பேக்ஹால்தான் காரணம்.

இன்னொரு விஷயம். பல துணை யூனிட்கள், வாங்குவதற்கும் தருவதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும். எனவே ஒவ்வொரு கை மாறும்போதும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு, இரண்டு கை மாறி மூன்றாவது யூனிட்டுக்கு வரும்போது 25 ஆகி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ட்ரை-பேண்ட் எனப்படும் விலை கூடிய செட்களில், பேக்ஹாலுக்கு என்றே தனி ரேடியோ இருப்பதால் இந்த இழப்பு குறைவு.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க:

இதற்கு எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸில் உள்ள பிங் கட்டளையே போதும். ஒரு தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று இது சொல்லும். பிரச்னை வரும் அறையில் லேப்டாப்பை வைத்துக் கொள்ளுங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்பதைத் தேடித் திறக்கவும்.

2. ஆங்கிலத்தில் பிங் என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, முக்கிய யூனிட்டின் ஐ.பி. முகவரியைத் தரவும். இது 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்று இருக்கும். யூனிட்டின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அல்லது மெஷ் ஆப்பில் பார்க்கலாம்.

3. மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும், அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்து டி-யும் டைப் செய்து என்டர் தட்டவும். இப்போது நீங்கள் நிறுத்தும் வரை பிங் ஓடிக் கொண்டே இருக்கும். நிறுத்த, கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும்.

4. இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, இதே போல 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் செய்யவும். இது கூகுள் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர். வீட்டுக்கு வெளியே உள்ள முகவரி.

இப்போது நெட் கட் ஆகும் வரை காத்திருக்கவும். 8.8.8.8-க்கு மட்டும் பதில் வராமல், முக்கிய யூனிட்டில் இருந்து ஒழுங்காகப் பதில் வந்தால், தவறு பைபர் மோடத்திலோ இன்டர்நெட் நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கலாம். இரண்டுக்குமே பதில் வரவில்லை என்றால், தவறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உறுதி செய்து கொள்ள, லேப்டாப்பை முக்கிய யூனிட்டில் கேபிள் மூலம் இணைத்து, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். நான் செய்தபோது, கேபிளில் ஒரு பாக்கெட் கூட தொலையவில்லை. மாடி அறையில் வை-பி மூலம் செய்தபோது, சில செகண்டுகளுக்கு ஒரு முறை 5 மில்லி செகண்ட் என்பது 600, 900 எனத் தாவியது. நடுநடுவே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்ற செய்தி வந்தது. அதற்கு முன் இரண்டு முறை இன்டர்நெட் நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்திருந்தேன். வெயிலில் வந்து கனெக்டரை மாற்றித் தந்து விட்டுப் போன அந்தப் பையனிடம் மன்னிப்பு கேட்கத் தோன்றியது.

யூனிட்டை எங்கே வைப்பது?

நான் செய்த முதல் தவறு, பலரும் செய்வது. எங்கே சிக்னல் வரவில்லையோ, அங்கேயே துணை யூனிட்டை வைத்தேன். அங்கே சிக்னல் வரவில்லை என்றால், துணை யூனிட்டுக்கும் வராது அல்லவா? அதற்கே கிடைக்காததை அது எப்படி மற்றவர்களுக்குத் தரும்? துணை யூனிட் இருக்க வேண்டிய இடம், நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கும் சிக்னல் இல்லாத இடத்துக்கும் நடுவே.

இரண்டாவது தவறு, அதை மாடி அறையில் ஸ்டீல் பீரோவின் மேல் வைத்தது. உயரமான இடம் நல்லது என்று நினைத்தேன். இரும்பு, வை-பி அலைகளைத் தடுக்கும், திருப்பி அனுப்பும். முக்கிய யூனிட் கீழே ஹாலில் இருக்கிறது. அலை காங்கிரீட் தளத்தைத் தாண்டி, பிறகு பீரோவையும் தாண்டி வர வேண்டி இருந்தது.

நம் ஊர் வீடுகளில் கவனிக்க வேண்டியவை:

* கம்பி கட்டிய காங்கிரீட் தளம் பெரிய தடை. மாடிக்கு சிக்னல் அனுப்ப மாடிப்படியின் திறந்த இடம்தான் நல்ல வழி. படியின் திருப்பத்தில் ஒரு யூனிட் வைக்கலாம்.

* ஸ்டீல் பீரோ, பிரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகிலோ பின்னாலோ வைக்க வேண்டாம்.

* டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். சிக்னல் அழகாக இருக்காது.

* மைக்ரோவேவ் அவன் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையூறு வரும். 5 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது.

மெஷ் ஆப்பில் துணை யூனிட்டைத் தேர்ந்தெடுத்தால், அதன் பேக்ஹால் சிக்னல் அளவு பலவற்றில் டி.பி.எம். கணக்கில் காட்டப்படும். இது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 65 வரை பரவாயில்லை. மைனஸ் 75-க்குக் கீழே சென்றால் இடத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் பீரோவின் மேல் மைனஸ் 79. படித்திருப்பத்தில் இருந்த யூனிட்டைச் சற்று நகர்த்தி, மாடி யூனிட்டை அறை வாசலில் ஒரு மரப் பலகையில் வைத்ததும் மைனஸ் 61 ஆனது. செலவு எதுவும் இல்லை.

இரண்டு ரூட்டர் சண்டை:

இன்னொரு பிரச்னையும் இருந்தது. இன்டர்நெட் நிறுவனம் தரும் பைபர் மோடத்தை ஓ.என்.டி. என்பார்கள். பெரும்பாலும் இதுவே ஒரு ரூட்டரும் ஆகும். தனியாக வை-பியும் தரும். மெஷ் செட்டின் முக்கிய யூனிட்டும் ஒரு ரூட்டர். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ரூட்டர் வேலை செய்தால், வீடியோ கால், ஆன்லைன் கேம், வீட்டு கேமரா போன்றவை தடுமாறலாம். இதை டபுள் நாட் என்பார்கள். தவிர, இரண்டு வை-பிகளும் அருகருகே ஒன்றுடன் ஒன்று மோதிக் கொள்ளும்.

தீர்வு இரண்டில் ஒன்று. இன்டர்நெட் நிறுவனத்திடம் சொல்லி மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லலாம். அல்லது மெஷ் செட்டை அக்சஸ் பாயின்ட் மோடில் வைக்கலாம். எதைச் செய்தாலும் மோடத்தின் வை-பியை ஆஃப் செய்து விடுங்கள். நான் இரண்டாவது வழியில் சென்றேன். அதன் பின் இரண்டு மாதம் அம்மாவிடம் இருந்து புகார் இல்லை. என் பெருமையும் திரும்பி வந்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

பெர்ம்வேர் அப்டேட் – ஒரு விபத்து:

ரூட்டருக்குள் இருக்கும் ப்ளாஷ் மெமரியில், அதை இயக்கும் சாப்ட்வேர் பதியப்பட்டிருக்கும். இதுதான் பெர்ம்வேர். நம் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எப்படியோ, ரூட்டருக்கு இது அப்படி. தவறுகளைத் திருத்தி, நிறுவனங்கள் அவ்வப்போது புதிய பதிப்புகளைத் தரும்.

ஒரு நாள் மாலை 5.40 மணிக்கு, சென்னையில் அலுவலக காபி இடைவேளையில், என் போனில் இருந்த மெஷ் ஆப் "புதிய பதிப்பு தயார்" என்று சொன்னது. ஐந்து நிமிட வேலை, வகுப்பு தொடங்குவதற்குள் முடிந்து விடும் என்று நினைத்து அப்டேட் பட்டனை அழுத்தினேன். ஹால் யூனிட் முடிந்தது. படி யூனிட் முடிந்தது. மாடி யூனிட்டில் பதிந்து கொண்டிருந்தபோது மதுரையில் கரண்ட் போனது.

கரண்ட் வந்தபோது மாடி யூனிட்டில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக் கொண்டிருந்தது. அம்மாவிடம் போனில் சொல்லச் சொல்ல, ரீசெட் ஓட்டையில் ஊசியை வைத்து அழுத்தினார்.

"எவ்வளவு நேரம்பா அழுத்தறது?"

"பத்து செகண்ட் எண்ணும்மா."

"எண்ணிட்டேன். அதே சிவப்புதான்."

அன்று வகுப்பு நடக்கவில்லை. மறுநாள் போனின் ஹாட்ஸ்பாட்டில் நடத்தினார். பாதியில் அன்றைய டேட்டா அளவு தீர்ந்து போனது. அடுத்த வாரம் அந்த மாணவர்களுக்கு மாதிரித் தேர்வு. யூனிட் வாரன்ட்டியில் மாறி வர ஒன்பது நாட்கள் ஆயின. அம்மா என்னைத் திட்டவில்லை. "இனிமே எதையாவது பண்றதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

என்ன நடந்தது? பெர்ம்வேர் பதியும்போது பழையது அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதியது எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை. ரூட்டர் வெறும் செங்கல்லாகி விடும். ஆங்கிலத்திலும் இதை "ப்ரிக்" ஆனது என்றே சொல்கிறார்கள். சில ரூட்டர்களில் பெர்ம்வேருக்கு இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் இருந்து இயங்கும். என் செட் அப்படிப்பட்டது அல்ல.

அப்டேட்டை நிறுத்தி விடலாமா?

நான் அதைத்தான் செய்தேன். ஆட்டோ அப்டேட்டை ஆஃப் செய்து விட்டு, அடுத்த 14 மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம். ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் இப்படிச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்டேட் செய்தது தவறல்ல. செய்த நேரம்தான் தவறு. ஆனால் நான் அப்டேட்டையே தண்டித்தேன்.

ரூட்டரை அப்டேட் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சில உண்மைச் சம்பவங்கள்:

* 2016-ல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த யூசர் நேம், பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக் கொண்டு, அவற்றின் மூலம் பெரிய இணையதளங்களைத் தாக்கியது.

* 2017 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோப் என்ற ஆய்வாளர், வை-பியின் டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதை வெளியிட்டார். இதற்கு கிராக் என்று பெயர். பாஸ்வேர்டை மாற்றினால் இது சரியாகாது. அப்டேட்தான் ஒரே வழி. துணை யூனிட் போல வேறொரு யூனிட்டுடன் வை-பியில் இணையும் கருவிகளுக்கு இது முக்கியம்.

* 2018 மே மாதம், வி.பி.என். பில்டர் என்ற வைரஸ், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரூட்டர்களிலும் நெட்வொர்க் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருப்பதாக சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் குழு அறிவித்தது. ரூட்டர்களை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யும்படி அமெரிக்காவின் எப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது.

என் மெஷ் செட்டுக்கு வந்த புதிய பதிப்புகளின் குறிப்புகளை ஒரு நாள் வரிசையாகப் படித்தேன். 14 மாதங்களில் நான் தவற விட்டவற்றில், பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்த பதிப்புகள் இரண்டு. துணை யூனிட் காரணமின்றித் துண்டிக்கப்படும் குறையைத் திருத்திய பதிப்பு ஒன்று. அம்மா அவ்வப்போது சொல்லி வந்த சின்னச் சின்னத் துண்டிப்புகளுக்கான மருந்து, இத்தனை நாள் அங்கே காத்துக் கொண்டிருந்தது.

பாதுகாப்பாக அப்டேட் செய்வது எப்படி?

1. வீட்டில் யாருக்கும் நெட் தேவைப்படாத நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. கடை திறந்திருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. அவசரமாக ஏதாவது வாங்க வேண்டி வரலாம்.

2. மாடல் எண்ணுடன் ஹார்ட்வேர் பதிப்பையும் பார்க்கவும். ஸ்டிக்கரில் வி1, வி2 என்று இருக்கும். ஒரே மாடலானாலும் வி1-க்கு உரிய பெர்ம்வேர் வி2-க்குப் பொருந்தாமல் போகலாம். ஃபைலை நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து மட்டுமே டவுன்லோட் செய்யவும். ஆப் மூலம் செய்தால் இந்தக் கவலை இல்லை.

3. செட்டிங்ஸைப் பேக்கப் எடுக்கவும். அந்த வசதி இல்லை என்றால், ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக் கொள்ளவும். இன்டர்நெட் இணைப்புக்கான யூசர் நேம், பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும்.

4. எல்லா யூனிட்களும் யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். ரூட்டருக்கென்று சிறிய மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன், அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்க்கவும். 12 வோல்ட் ரூட்டருக்கு 9 வோல்ட் யு.பி.எஸ். பொருந்தாது.

5. பெர்ம்வேர் ஃபைலை நீங்களே ஏற்றுவதாக இருந்தால், லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துச் செய்யவும். எந்த யூனிட்டை முதலில் செய்வது என்று கையேட்டில் பார்க்கவும். துணை யூனிட்களை முதலில் முடித்து, முக்கிய யூனிட்டைக் கடைசியில் செய்யச் சொல்லும் செட்கள் உண்டு.

6. விளக்கு மினுக்கினால் பயந்து ஸ்விட்சை அணைக்க வேண்டாம். 15 நிமிடமாவது பொறுத்திருக்கவும். முடிந்ததும் எல்லா யூனிட்களிலும் ஒரே பதிப்பு எண் இருக்கிறதா என்று சரி பார்க்கவும்.

7. ஆட்டோ அப்டேட்டுக்கு நேரம் குறிக்கும் வசதி இருந்தால், அதிகாலை 3 மணி போன்ற நேரத்தைக் கொடுத்து ஆன் செய்து வைக்கவும். அந்த யூனிட்கள் யு.பி.எஸ்.ஸில் இருந்தால் கவலையே இல்லை.

பைபர் மோடத்தின் பெர்ம்வேரை நாம் தொட வேண்டியதில்லை. அதைப் பொதுவாக இன்டர்நெட் நிறுவனமே தொலைவில் இருந்து அப்டேட் செய்யும்.

அப்டேட்டுக்குப் பின் புதிய பிரச்னையா?

இந்த முறை அம்மாவிடம் கேட்டு, ஊருக்குப் போய், ஒரு ஞாயிறு காலை எல்லாம் சரியாகச் செய்தேன். மறுநாள் மாலை, வகுப்பு நடுவில் சரியாக ஒரு நிமிடம் நெட் போய் வந்தது. செவ்வாயும் அதே போல. "திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அப்பா சிரித்தார்.

இந்த முறை யாரையும் பழி சொல்லாமல், முக்கிய யூனிட்டின் சிஸ்டம் லாக் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட் ஆன நேரத்தில் "ரேடார் கண்டறியப்பட்டது" என்ற வரி இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 52 முதல் 144 வரை உள்ள சானல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை போல ஏதாவது தெரிந்தால், ரூட்டர் உடனே அந்தச் சானலை விட்டு விலக வேண்டும். இதே வகையில் இன்னொரு சானலுக்குச் செல்வதானால், அங்கே குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே அலை பரப்ப வேண்டும். இதை டி.எஃப்.எஸ். என்பார்கள். அந்த ஒரு நிமிடம்தான் எங்கள் வீட்டில் நெட் இல்லாத ஒரு நிமிடம்.

அப்டேட்டுக்கு முன் நான் 44-வது சானலில் நிறுத்தி வைத்திருந்தேன். அப்டேட் அதை மீண்டும் ஆட்டோவுக்கு மாற்றி விட்டது. ரூட்டர் 100-வது சானலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எடுத்து வைத்திருந்த போட்டோக்களுடன் ஒப்பிட்டதால் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. 36 முதல் 48 வரை, 149 முதல் 161 வரை உள்ள சானல்களில் இந்த ரேடார் தொல்லை இல்லை. சில மெஷ் செட்களில் சானலை நாமே மாற்ற முடியாது. அவற்றில் ஆப்பில் உள்ள நெட்வொர்க் ஆப்டிமைஸ் வசதியை இயக்கிப் பார்க்கலாம்.

நிரந்தரத் தீர்வு – ஒரு கேபிள்:

கடைசியாக, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஹாலில் இருந்து மாடி யூனிட்டுக்கு, படிக்கட்டு ஓரமாக 20 மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். துணை யூனிட்டில் ஈதர்நெட் போர்ட் இருந்தால், பல மெஷ் செட்கள் கேபிள் பேக்ஹாலைத் தானாகவே ஏற்றுக் கொள்ளும். செங்கல் கை மாறும் வேலை இல்லை. கயிறு கட்டி நேராக மேலே ஏற்றுவது போல. கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகம் தரும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு. ஆனால் சீக்கிரம் முறியும். எட்டுக் கம்பிகளும் கனெக்டரில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். நான்கு மட்டும் இணைத்தால் 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் போகாது.

புதிதாக வீடு கட்டுபவர்கள், வயரிங் செய்யும்போதே ஒவ்வொரு மாடிக்கும் நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு தனி பைப் பதிக்கச் சொல்லி விடுங்கள். பின்னால் எந்த மெஷ் வாங்கினாலும் உதவும்.

வாங்கும் முன் ஒரு கேள்வி:

புதிய மெஷ் வாங்குபவர்கள் வேகத்தை மட்டும் பார்க்காமல், "எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள்?" என்று கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இதுபோன்ற கருவிகளைத் தயாரிப்பவர்கள் இந்தக் காலத்தை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அப்டேட் நின்று போன ரூட்டர் நன்றாக ஓடினாலும் மாற்ற வேண்டியதுதான்.

இப்போது அம்மாவின் வகுப்பில் 11 பேர் இருக்கிறார்கள். விலகிய மூன்று பேரில் இருவர் திரும்பி விட்டார்கள். ஹால் யூனிட்டின் மேல் அம்மா தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கிறார்: "மாலை 5 முதல் 9 வரை தொடாதே." என் ஆப்பில் இப்போது அப்டேட் அறிவிப்பு வந்தால் முதலில் மணியைப் பார்க்கிறேன். பிறகு அம்மாவுக்கு போன் செய்கிறேன். நீங்களும் இன்று மாலை உங்கள் ரூட்டரின் பதிப்பு எண் என்ன, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று மட்டும் பாருங்கள். அப்டேட் பட்டனை ஞாயிறு காலை அழுத்திக் கொள்ளலாம்.